குருதி எமது, குருத்தணு யாருடையது?

தேவாரம் என்று சொன்னால் வெளியூர் நண்பர்களுக்கு இரண்டே செய்திகள் நினைவுக்கு வருகின்றன. சைவ அன்பர்களுக்கு மூவர் பாடிய பதிகங்கள், ஏனையோருக்கு நியூட்ரினோ. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில், இப்பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் நோய் வருகிறது என்பது மூன்றாவது செய்தி. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

பக்கத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்பு வழக்குகள், போராட்டங்கள், 2018இல் சுற்றுச்சூழல் அனுமதி, 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசின் எதிர்ப்பு என்று அந்தக் கதை நீண்டது. அதன் நன்மை தீமைகளை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை. ஆனால் அந்நாள்களில் எம்மீது எறியப்பட்ட ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது. ‘அறிவியலின் எதிரிகள்’ என்றார்கள். நல்லது. அத்தனை ஆண்டுகளில் எம் மக்களிடம் வந்த அறிஞர் பெருமக்களில் ஒருவரேனும், ‘உங்களுக்கு எந்த அறிவியல் வேண்டும்?’ என்று கேட்டதுண்டா? கேட்டிருந்தால் எம்மிடம் ஒரு பதில் இருந்தது. யாரும் கேட்காததால் நாங்களே சொல்கிறோம்: எங்களுக்குக் குருத்தணு அறிவியல் வேண்டும்.

சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எம் நண்பர் ஒருவரின் தங்கை மகனுக்குப் பதினொரு வயதில் ஏபிளாஸ்டிக் அனீமியா வந்தது. எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வதை நிறுத்திக்கொள்ளும் நோய் அது. தாயும் தகப்பனும் விடியலில் ஜீப்பில் ஏறி, மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வருகிறவர்கள். பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில், பொருத்தமான ஒருவரின் குருத்தணுக்களைச் செலுத்தினால் பையன் பிழைப்பான் என்றார்கள். உடன்பிறந்த ஒரே அக்காவின் குருதி பொருந்தவில்லை. கணினியில் உலகக் கொடையாளர் பட்டியலைத் தேடினார்கள்; கிடைக்கவில்லை. திரும்பி வந்த தகப்பன் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அண்ணே, உலகம் பூராத்துக்கும் லிஸ்ட்டு இருக்குன்றாக. அதுல நம்ம ஆளுக யாருமே இல்லையா?” பதினான்கு மாதங்கள் பிறர் குருதியிலேயே ஓடியது அவ்வுயிர். பிறகு ஓடவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் விடை இல்லை. அதைத் தேடித் தேடிப் படித்ததன் விளைவே இப்பதிவு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறோம். நம் உடலின் பல்வேறு அணுக்களாக உருமாறும் ஆற்றலுடைய மூல அணுவே ஸ்டெம் செல், தமிழில் குருத்தணு. எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்கள் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய அனைத்தையும் வாழ்நாள் முழுதும் ஈன்றபடி இருக்கின்றன. அம்மஜ்ஜை கெட்டால், இன்னொருவரின் குருத்தணுக்களைக் குடியேற்றலாம். ஆனால் எச்.எல்.ஏ எனப்படும் அடையாளக் குறிகள் இருவருக்கும் பொருந்தியாக வேண்டும். இக்குறிகளில் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆகையால் உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அது தவறினால், நம்மோடு மூதாதையரைப் பகிர்ந்துகொண்ட முகம் தெரியாத ஒருவரைத் தேட வேண்டும். ‘நம்ம ஆளுக’ என்று அத்தகப்பன் சொன்ன சொல், அவர் அறியாமலே, துல்லியமான அறிவியல் சொல்லாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உலகக் கொடையாளர் பட்டியல்களில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். சுமார் 8 கோடிச் சொச்சம் மக்களையுடைய ஜெர்மனியில் மட்டும் ஏறத்தாழ 1 கோடிப் பேர். 140 கோடி மக்களையுடைய இந்தியாவிலோ, 2009இல் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’யின் 5 லட்சத்துச் சொச்சத்தையும் பிற பட்டியல்களையும் சேர்த்தாலும் சில லட்சங்கள்தாம். அவர்களிலும் பெருநகரக் கல்லூரிகளும் மென்பொருள் அலுவலகங்களும் தந்தவர்கள் எத்தனை பேர், கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறோம். இது எமது புலம்பல் மட்டுமன்று. அமெரிக்கப் பட்டியலை ஆராய்ந்து 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு மிகப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு என்றும், தென், நடு அமெரிக்க வம்சாவளிக் கறுப்பினத்தவருக்கு அது 16 விழுக்காடே என்றும் கூறிற்று. நோய் ஒன்றுதான், மருத்துவமும் ஒன்றுதான். பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதே யார் உயிர் பிழைப்பார் என்பதை முடிவு செய்கிறது.

‘அதெல்லாம் சரி, உங்கள் பகுதி மக்களை ஆய்வுலகம் இன்னும் அறியவில்லை போலும்’ என்று யாரேனும் பரிந்துரைக்கக் கூடும். இல்லை ஐயா, நன்றாகவே அறியும்! மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் அவர்தம் குழுவினரும் 1980களிலிருந்தே தென்தமிழக மக்களின் எச்.எல்.ஏ குறிகளை ஆராய்ந்து வெளியிட்டவர்கள். அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்தும் அகமண வழக்கத்தால் ஒவ்வொரு சமூகத்தின் குறிகளும் வேறு வேறாக நிற்பதை அவர்கள் காட்டினார்கள். எமது பள்ளத்தாக்கிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் வருவது உசிலம்பட்டி. அதனருகே ஒரு சிற்றூரில் எடுத்த குருதியில்தான் எம்130 என்னும் மரபுக்குறி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆதி மனிதர் கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற பாதைக்கு அது சான்று எனக் கொண்டாடப்பட்டது. ஸ்பென்சர் வெல்ஸின் நூலும் ஆவணப்படமும் அச்செய்தியை உலகெங்கும் கொண்டு சென்றன. எமக்கும் பெருமைதான். எழுபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டன் எவ்வழியே வந்தான் என்று எம் குருதி உலகுக்குச் சொன்னது. இன்றைய பேரன் பிழைக்க வழி என்ன என்று அதே குருதியிடம் கேட்க ஏன் ஆளில்லை? தனியொரு பேராசிரியரை நோக்கியதன்று எமது வினா. அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தார். அவர் போட்ட அடித்தளத்தின் மீது கொடையாளர் பட்டியல் ஒன்றை எழுப்பாமல் விட்ட அரசுகளை நோக்கியது.

இந்த அநீதியின் இன்னும் பழைய வடிவத்தைக் காண நீலகிரிக்குப் போக வேண்டும். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் அரிவாளணுக் குறியைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இந்நோய் ஆப்பிரிக்காவுக்கே உரியது என்ற கருத்தை அசைத்த கண்டுபிடிப்பு அது. எழுபத்தோர் ஆண்டுகள் கழித்து, 2023இன் இறுதியில், அந்நோய்க்கு மரபணுத் திருத்தம் செய்த குருத்தணு மருத்துவம் ‘காஸ்ஜெவி’ என்ற பெயரில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் கணக்கில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல்! கூடலூர் மலையின் ஒரு பணியர் குடியிருப்பிலுள்ள அத்தனை வீடுகளையும் விற்றாலும் ஒரு குழந்தைக்கு ஈடாகாது. இந்திய அரசு 2023 ஜூலையில் அரிவாளணு நோய் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கவும் 2047க்குள் நோயை ஒழிக்கவும் உறுதி பூண்டிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் ‘உனக்கு நோய் இருக்கிறது’ என்று அட்டை எழுதித் தருவது மருத்துவத்தின் முதற்படி மட்டுமே.

ஆய்வகங்களின் உள்ளேயும் இதே நிலைதான். உலகெங்கும் ஆய்வாளர் பயன்படுத்தும் கருக் குருத்தணு வரிசைகளில் 47ஐ மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2010இல் எழுதினார்கள்: பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளி, அண்மைக்கால ஆப்பிரிக்க வம்சாவளியினது ஒன்றுகூட இல்லை. எந்த அணுவின் மீது மருந்து சோதிக்கப்படுகிறதோ, அந்த அணுவுக்குரியவருக்கே மருந்து முதலில் பொருந்தும். மயக்க மருந்தோடு தசை தளர்த்தத் தரும் ஸ்கோலின் என்ற மருந்து, வைசிய சமூகத்தினரில் சிலருக்கு நெடுநேரம் மூச்சு முட்டச் செய்வதற்குக் காரணம் அவர்களிடையே மிகுதியாக உள்ள ஒரு நொதிக் குறைபாடு என்பது மருத்துவர் அறிந்த செய்தி. 2017இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஐதராபாத் தங்கராஜ், ஹார்வர்டு டேவிட் ரெய்க் முதலானோர் எழுதிய கட்டுரை, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல், சிறு முன்னோர் கூட்டத்திலிருந்து கிளைத்துப் பெருகியதன் தடம் ஃபின்லாந்தியரையும் அஷ்கெனாசி யூதரையும் விட ஆழமானது என்றது. அவ்விரு மக்களின் அரிய நோய்களுக்கு எத்தனை ஆய்வு நிலையங்கள்! எம்மவருக்கு?

இங்கே சில மறுப்புரைகளை எதிர்கொள்ள வேண்டும்.

முதல் மறுப்பு, முற்போக்கு முகத்தோடு வருவது: ‘ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு மருத்துவர் இல்லை, இவர்களுக்குக் குருத்தணு ஒரு கேடா?’ ஏழைக்கு எளிய நோய்தான் வரும் என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது? தலசீமியாவும் இரத்தப் புற்றும் வருமானச் சான்றிதழ் கேட்டு வருவதில்லை. இரவு மருத்துவரும் வேண்டும், கொடையாளர் பட்டியலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது பட்டினி கிடப்பவனிடம் ‘கஞ்சியா, குழம்பா?’ என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் மறுப்பு: ‘ஜீனோம் இந்தியா நடந்துவிட்டதே!’ 83 சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்து வைத்தார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் படித்தது ஏடு. கொடுக்க வேண்டியது மருந்து. ஏட்டிலிருந்து மருந்துக்குச் செல்லும் பாதையை யார் போடுவது என்பதே எமது வினா.

மூன்றாம் மறுப்பு, மருத்துவர்களுடையது: ‘இப்போது பாதிப் பொருத்தமே போதும், தாயோ தந்தையோ கொடுக்கலாம்.’ உண்மை, அம்முறை பல உயிர்களைக் காத்து வருகிறது. ஆனால் எல்லா நோயாளிக்கும் எல்லா நிலையிலும் அது முழுப் பொருத்தத்துக்கு ஈடென்று மருத்துவமே சொல்லவில்லை. மேலும், மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் எம் குடும்பங்களில் சித்தப்பன், மாமன், ஏன் பெற்றோரே கூட முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு பிற குடும்பங்களைவிட அதிகம். அதை அறிந்து உறவு வட்டத்தை விரித்துத் தேடும் வழக்கம் எல்லா இடத்திலும் உண்டா? எங்கள் பையனுக்கு அக்காவோடு சோதனை முடிந்துவிட்டது.

நான்காவது, நாங்களே எமக்குச் சொல்லிக்கொள்ளும் எச்சரிக்கை. இவ்வாதத்தைக் கையிலெடுத்துக் குருதித் தூய்மை பேச வருவார்கள் சிலர். அவர்களுக்குச் சொல்கிறோம்: அகமணம் பெருமையன்று, பல பரம்பரை நோய்களை அது பெருக்கியிருக்கிறது. சாதிச் சுவர் இடியட்டும். ஆனால் அச்சுவர் இரண்டாயிரம் ஆண்டுக்காலம் உடலுக்குள் எழுதிவைத்த எழுத்தைப் படித்து, அதனால் உண்டான நோய்க்கு மருந்து காண்பதும் அதை இடிக்கும் பணியின் ஒரு பகுதியே.

இதற்கிடையே சந்தை மட்டும் எம்மை மறக்கவில்லை. தேனி மாவட்டத்தின் ஒரு ஸ்கேன் மையத்தில் காத்திருந்த எம் தோழி ஒருவரின் கையில், தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்க அறுபதாயிரம் ரூபாய் கேட்கும் வண்ணத்தாள் திணிக்கப்பட்டது. ‘உங்கள் குழந்தைக்கு உயிர்க் காப்பீடு’ என்று அதில் அச்சிட்டிருந்தது. குழந்தையின் எதிர்காலச் சொந்தப் பயனுக்கென இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் நிலைப்பாடு. பரம்பரை நோயாயின் அக்குழந்தையின் குருத்தணுவிலேயே குறை இருக்குமே! இதைத் தமிழில் எடுத்துச் சொல்வார் இல்லாத இடத்தில் வண்ணத்தாளே பாடநூல் ஆகிவிடுகிறது. நிறுவப்படாத ‘ஸ்டெம் செல் சிகிச்சை’யை மூட்டு வலிக்கும் முடக்கு வாதத்துக்கும் விற்பவர்கள் இன்னொரு பக்கம். மெய்யான அறிவியல் வராத ஊருக்குப் போலி அறிவியல் முதல் பேருந்தில் வந்து சேர்கிறது.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேலூரைச் சுட்டுவோம். 1986இலேயே அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்தார்கள். அங்கேயுள்ள குருத்தணு ஆய்வு மையத்தோடு சேர்ந்து, கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளர் ஐவருக்கு அவர்தம் குருத்தணுக்களிலேயே குறைபட்ட மரபணுவின் நல்ல பிரதியைச் சேர்த்துச் செலுத்திய ஆய்வு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. சிகிச்சைக்குப் பின் ஐவருக்கும் இரத்தக்கசிவு நின்றது. மேலைநாட்டு மருந்து ஒரு வகை வைரஸின் மீதேறி வருகிறது. அவ்வைரஸுக்கு எதிர்ப்புப் பொருள் குருதியில் முன்பே உடையவர்க்கு அது பயன்படாது. இந்தியரில் பலர் அப்படிப்பட்டவர்கள். வேலூரார் வேறு வழி கண்டார்கள். எமக்கான வினாவை எம் மண்ணில் கேட்டால் விடை வேறாக வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரிவாளணு நோய்க்கு உள்நாட்டிலேயே உருவான மரபணுத் திருத்த முறை ‘பிர்சா 101’ என 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டதும் இவ்வழியில் ஒரு நம்பிக்கை.

ஜப்பானையும் பாருங்கள். வயதுவந்தவரின் அணுவையே குருத்தணு நிலைக்குத் திருப்பும் வித்தையை 2006இல் கண்டவர் யமனாகா. தாய்வழியும் தந்தைவழியும் ஒரே எச்.எல்.ஏ குறிகளைப் பெற்ற அபூர்வமான கொடையாளர் எழுவரைக் கொண்டே, ஜப்பானியரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குப் பொருந்தக்கூடிய அணுச் சேமிப்பைக் கியோட்டோவில் உருவாக்கினார்கள். இரு வழியும் ஒரே குறி பெற்றவர்கள், உறவுத் திருமணம் மிகுந்த சமூகங்களில் ஒப்பீட்டளவில் கூடுதலாகவே இருப்பார்கள். பிற நாட்டார் தேடியலையும் கொடையாளர் எமது தெருக்களில் டீ குடித்துக்கொண்டிருக்கக் கூடும். தேடத்தான் ஆளில்லை.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. கானாவிலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஏனைய மாவட்ட அரசுக் கல்லூரிகளிலும் கொடையாளர் பதிவு மேசை ஒன்று வேண்டும். சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். பளியர் குடிகள் முதல் தோட்டத் தொழிலாளர் வரை, விளிம்பில் நிற்பவரிடமிருந்து அப்பதிவு தொடங்க வேண்டும். குருதி எடுக்கும் ஒவ்வோர் ஆய்வும், கண்டதைத் தமிழில் எழுதி, கொடுத்தவர் ஊருக்கே வந்து சொல்ல வேண்டும். ஆரோக்கியப்பச்சை மூலிகை அறிவுக்காக 1990களில் அகத்தியமலைக் காணிக்காரருக்கு உரிமத் தொகையில் பங்கு கொடுத்தது திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வகம். செடியறிவுக்குப் பங்கு உண்டெனில் செந்நீருக்கு இல்லையா? மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் குருத்தணு மருத்துவம் எதுவாயினும், அரசு மருத்துவமனை நோயாளிக்கு எட்டும் விலையில் கிடைக்குமென்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

எம்மவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ‘முதுகெலும்பில் துளை போடுவார்கள், ஆண்மை போய்விடும்’ என்ற அச்சம் எமது ஊர்களில் உண்டு. பதிவுக்கு வேண்டியது கன்னத்தின் உட்புறத்தைத் தடவிய ஒரு பஞ்சுக்குச்சி. பின்னாளில் பொருத்தம் கண்டு அழைத்தால், சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரத்த தானம் போலக் கை நரம்பு வழியே சில மணி நேரம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். கொடுத்தது சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும்.

இலக்கியம் பேசும் இடத்தில் இதை ஏன் எழுதினோம் என்று கேட்கும் வாசகருக்கு: ஒரு தகப்பன் கேட்ட கேள்விக்கு அவன் மொழியில் விடை இல்லாதிருப்பது இலக்கியத்தின் தோல்வியும் ஆகும். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்த நீரில் விளைந்த நெல்லைத்தான் இப்பள்ளத்தாக்கு இன்றும் உண்கிறது. எம் குருதியும் இதுவரை ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் திருப்ப முடியும். இவ்வூரில் அடுத்த குழந்தைக்கு மஜ்ஜை வற்றும்போது அந்த லிஸ்ட்டில் நம்ம ஆளுக இருக்க வேண்டும்.